மதிக்கு வந்தது மருந்தால் அல்ல

2024 ஜூலை 8, தஞ்சாவூர்
மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடம். பழுதான செல் இரண்டாகப் பிரியப் போனால் 'நில்' என்று தடுக்கும் புரதம் பி53. சரிசெய்ய முடியாவிட்டால் செல்லைச் சாகவும் வைக்கும். அதுவே கெட்டுப்போனால் பழுது பெருகும். அங்கேயே பாடத்தை முடித்துவிட்டேன். எனக்கு மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். மரபணுச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஜூலை 15
வந்துவிட்டது. பி53 மரபணுவில் பிறவிப் பழுது. டாக்டர் ஷமீரா சொன்னார்: "அப்பாவுக்கு மூளைக்கட்டி, அண்ணனுக்குப் பதினேழு வயசுல எலும்புப் புற்று, உங்களுக்கு முப்பத்திமூணுல இது. எல்லாம் ஒரே வழிங்க. பொண்ணுக்கும் பாத்துடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."
பிரகதிக்கு ஆறு வயது.

ஜூலை 21, குடவாசல்
மதி அண்ணன் செத்து இருபது வருடம். அன்றிலிருந்து அம்மா வயலில் இறங்கியதில்லை. பூச்சிமருந்து அடிக்க அவனை அனுப்பியதால்தான் நோய் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.
"மருந்தால இல்லம்மா. பொறக்கும்போதே இருந்திருக்கு. அப்பா வழியில வந்தது."
"நாந்தானடி அனுப்புனேன்?"
"அனுப்பாட்டியும் வந்திருக்கும்."
அடுப்பில் குழம்பு தீய்ந்தது. இருவரும் எழவில்லை. பிறகு கேட்டாள்: "அப்ப பாப்பாவுக்கு?"
பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். கோழை.

ஆகஸ்ட் 2
பிரகதிக்கு ரத்தம் எடுத்தார்கள். "எனக்கு என்னம்மா?" "ஒண்ணுமில்லடி." பொய்யா? எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 29
அவளுக்கும் இருக்கிறது.

ஆகஸ்ட் 30
சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவரிடம் போனில் சொன்னேன். சோதனை முடிவை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

செப்டம்பர் 1
அம்மாவிடம் போனில் உடைந்துவிட்டேன். "நாந்தாம்மா குடுத்துட்டேன். எம்புள்ளைக்கு நானே—"
"நிறுத்துடி. இருபது வருஷம் இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். நீ ஆரம்பிக்காத. நான் கெளம்பி வர்றேன்."

செப்டம்பர் 12
பிரகதிக்கு முதல் ஸ்கேன். "இப்ப ஒண்ணும் இல்லங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்துடுங்க" என்றார் டாக்டர்.
"தேதிய எழுதிக் குடுங்க," என்றாள் அம்மா. "மதி கால் வலிக்குதுன்னப்ப மூணு மாசம் எண்ணெய் தேச்சுக்கிட்டே இருந்துட்டேன்."
வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு அருகே பிரகதி, "கால் வலிக்குது" என்றாள். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"புதுச் செருப்பு கடிக்குது பாட்டி."
அம்மா ரோட்டிலேயே குந்தி, செருப்பைக் கழற்றி, அந்தக் காலை வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.