அரளி தின்ற ஆடு

5-6-84, செவ்வாய். ராசிபுரம்.

சாரதாமணி மறுபடியும் நான்காம் வகுப்பு. போன வருடம் உட்கார்ந்த அதே பெஞ்சு. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறாளாம், வாய்க்கணக்கு போடுகிறாளாம். புத்தகத்தைப் பிரித்தால் மட்டும் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது என்கிறாளாம். வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு வருடமாக வல்லாரைக் கீரை கொடுத்துப் பார்த்தாயிற்று. பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. மிச்சத்தைத் தின்ற எனக்கு எடை ஏறியிருக்கிறது.

நாத்தனார் பெருமாயி வெண்ணந்தூரிலிருந்து வந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளோடு அனுப்ப வேண்டுமாம். எருமைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம்.

9-6-84, சனி

சேலம். பெண் டாக்டர், சின்ன வயசு. பிள்ளையை வெகுநேரம் பேசவிட்டுக் கேட்டார். "மூளையில ஒரு குறையும் இல்லீங்கம்மா. எழுத்து இவளுக்குப் பிடிபடற வழி வேற" என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அவரே சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறாராம். ஒரு வருடம் வரவேண்டும். "முதல்ல படிக்க வேண்டியது நீங்கதான்." பத்தாவதை இரண்டு தடவை எழுதியவளுக்கு வேண்டியதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அம்மா, எனக்குக் கிறுக்கா?"

சேலத்திலிருந்து ராசிபுரம் வரைக்கும் ஊர்க்கதை பேசுகிறவள் நான். மல்லூர் தாண்டியும் எனக்கு வாய் வரவில்லை.

12-6-84, செவ்வாய்

நாங்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகத் தெருவெல்லாம் பேச்சு. வழக்கமாக இந்த மாதிரிச் சேதியை நான்தான் பரப்புவேன். வாங்கிக் கட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

நெய் மண்டியில் யாரோ கேட்டுவிட்டார்கள் போல, வீட்டுக்காரர் குழம்பிப்போய் வந்தார். பெருமாயி விடுவாளா? பேர் கெட்டுப்போனால் நாளைக்குப் பெண் கேட்டு எவன் வருவான் என்றாள். கடைசியில் இவர், "மாரியம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம்" என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. வெள்ளையை எடுத்தால் சேலம். சிவப்பு என்றால் எருமை.

என் பிள்ளையின் படிப்பு இப்போது பூக்கடையில் இருக்கிறது.

15-6-84, வெள்ளி

பூ மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சாரதாமணி பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலை கிழித்துக் கொடுத்தாள். அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் வேண்டுமா? சரி. இரண்டிலும் மல்லிகை. செவ்வரளியைக் கிணற்றடிக் குழியில் போட்டு மூடினேன். தாயே, நீயும் பிள்ளை பெற்றவள்தானே, பார்க்காதது மாதிரி இரு.

பூசாரி அங்கமுத்து பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்தார். பிள்ளை ஒன்றை எடுத்தாள். வெள்ளை. என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். திருட்டுத் தண்ணீர்.

அப்போது பெருமாயி, "இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுங்க பூசாரி" என்றாள். அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை! திரும்பிப் பார்த்தால் அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கிறாள் பிள்ளை. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா அதை இலையோடு மென்றுகொண்டிருக்கிறது. கிடாவின் காலில் விழாத குறை.

"அய்யோ, அரளியாச்சே. ஆடு செத்துப்போயிருமே" என்றாள் பெருமாயி.

அதாவது ஆடு சாகவில்லையென்றால் நான் செத்தேன்.

16-6-84, சனி

ஆடு திடகாத்திரம். காலையில் கொடியில் காய்ந்த துண்டு ஒன்றையும் தின்றிருக்கிறது.

பெருமாயி என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏம் புள்ளே, அரளி தின்ன ஆடு எப்புடி எந்திரிச்சு நிக்குது?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவரின் பார்வை. பிறகு அக்காவிடம் சொன்னார்: "அம்மனோட ஆடுக்கா அது. அரளி என்ன பண்ணும்?"

கிடாவுக்கு மாலை போட்டிருக்கிறார் பூசாரி. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள்.

23-6-84, சனி

முதல் வகுப்பு. டாக்டர் ஒரு பக்கத்தைக் கண்ணாடியில் காட்டி, எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் திரும்பிக் கிடக்கிறது. நான் இரண்டு வார்த்தை தடவினேன், வேர்த்தது, வழக்கம்போல ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

சாரதாமணியும் வகுப்பில் கோமாளித்தனம் செய்கிறாள் என்று வாத்தியார் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

30-6-84

மழை. போனோம், வந்தோம்.

8-9-84, சனி

நெய் டின் மூடியில் ஆற்று மணலைப் பரப்பி, விரலால் பெரிதாக எழுதி, சத்தமாகச் சொல்கிறோம். காலண்டர் அட்டையில் நீளமாக ஒரு சன்னல் வெட்டியிருக்கிறேன். பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். இன்று ஒரு முழு வரி வாசித்தாள். "மத்த எறும்பெல்லாம் புத்துக்குள்ள போயிருச்சும்மா" என்றாள்.

2-3-85

நேத்து வாசிச்சதை இன்னிக்கு மறந்துட்டா. கத்திட்டேன். மணலைத் தட்டிவிட்டேன். அவளே கூட்டி அள்ளி, சலித்து, திரும்ப மூடியில் கொட்டினாள் — நான் பெற்றவளா, அவள் பெற்றவளா?

19-1-86, ஞாயிறு

மோகனூரிலிருந்து ராமாயி என்ற பெண் விசாரித்துக்கொண்டு வந்தாள், மகளோடு. அவள் பிள்ளைக்கும் எழுத்து நிற்பதில்லையாம். சேலத்து விலாசம் சொன்னேன், மூடியும் மணலும் காட்டினேன். உள்ளே சாரதாமணி தன் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து சன்னல் அட்டையை எடுத்து, அளவு பார்த்து, அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒன்று வெட்டிக்கொண்டிருந்தாள்.

ராமாயி தயங்கினாள். "எங்கூட்டுல பூக் கேட்டுத்தான் அனுப்போணும்ங்கறாங்க."

சாரதாமணி கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படின்னா பொட்டலம் மடிக்க எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போங்கக்கா. பக்கத்துல ஒரு ஆடும் கட்டிப் போடுங்க."

மல்லூர் பஸ்ஸுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.