கறுப்பு செட், வெள்ளை செட்

பாப்பா,

சாப்பாடு அடுப்புமேல மூடி வச்சிருக்கேன். கதவைத் திறந்து வந்து எடுத்துக்கோ.

சுத்தம் பண்றேன் பேர்வழின்னு உன் கீபோர்டு பட்டனையெல்லாம் கழட்டி வெந்நீர்ல போட்டது என் தப்புதான். ஸ்பேஸ் பார் அப்படி வளைஞ்சுபோகும்னு சத்தியமா தெரியாது. அதுக்கு முந்தின நாள் "இது வீடா, டைப்ரைட்டிங் கிளாஸா"ன்னு கத்தினதும் தப்பு. நாள் முழுக்க பஸ் ஓட்டி ஹாரன் கேட்ட காது, என்ன பண்றது? 'என் வேலை போயிடுச்சு, வேற வேலைக்குத்தான் அப்ளிகேஷன் அடிச்சுட்டு இருக்கேன்'னு நீயும் சொல்லல. நானும் கேக்கல.

மேஜைமேல ரெண்டு செட் கீகேப் இருக்கு, நான் கெடுத்த அந்த பட்டனுக்குப் பதிலா. கறுப்பு மாட்டினா சத்தம் கம்மியாம், வெள்ளை மாட்டினா நல்லா கேக்குமாம். ஒண்ணை வச்சுக்கோ. இன்னொண்ணைக் கடைக்காரர் சாயங்காலத்துக்குள்ள திருப்பி எடுத்துக்குவார். கறுப்பே நல்லதுன்னு எனக்குத் தோணுது.

அப்பா

செருப்பு மாட்டினவன் திரும்பி வந்து எழுதறேன். கறுப்பை நானே எடுத்துட்டுப் போறேன். ரெண்டு நாளா உன் ரூம்ல சத்தமே இல்ல. நீ மூச்சு விடறியான்னு கதவுல காதை வச்சுட்டு நிக்கறேன். வெள்ளையை மாட்டிக்கோ. எவ்வளவு வேணா தட்டு.