போதும் என்ற அட்டை

என்னங்க,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். அதைக் காதில் வைத்தாலே நம் பிள்ளை அடிக்கிறான். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டவன். போன மாதம் தள்ளியதில் என் இடது கை முறிந்தது. "பேசாம விடுதியில சேர்த்துடுங்க" என்கிறார் டாக்டர்.

ஆட்டிசப் பிள்ளைகளுக்கான டீச்சர் வீட்டுக்கே வந்து கவனித்தார். "அவன் முரடன் இல்லைம்மா. வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசினா நீங்க அழறீங்க. அதைத் தாங்க முடியாமத்தான் அடிக்கிறான்" என்றார். 'போதும்' என்று காட்ட அவனுக்கு ஒரு பட அட்டை கொடுத்துப் பழக்கினார்.

இன்று உங்கள் போன் அடித்ததுமே அழுதுவிட்டேன். அவன் கையை ஓங்கவில்லை. அட்டையை என் மடியில் வைத்தான். அவன் கற்றுக்கொண்டான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

ஒவ்வொரு போனிலும் 'அடுத்த மாதம் வருகிறேன்' என்கிறீர்கள். வருவதாக இருந்தால் வாருங்கள். இல்லையென்றால் அதை எழுதிவிடுங்கள், போனில் சொல்லாதீர்கள்.

உங்கள் பிள்ளையின் அம்மா