தொடைச் சதை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தொடையில் தையல் பிரித்தாகிவிட்டது. நொண்டிக்கொண்டுதான் நடக்கிறேன். மாரடைப்பில் செத்துப்போன நெஞ்சுச் சதை தானாக வளராதாம். தொடையில் வெட்டியெடுத்த சதையின் செல்களைப் பெருக்கி அந்த இடத்தில் ஊசியாகப் போடுவார்களாம். டாக்டர் அரைமணி நேரம் விளக்கினார். ஓட்டைத் தகட்டுக்கு ஒட்டுப் போடுவதை வெல்டருக்கே விளக்குகிறாரே என்று என் பெண்டாட்டியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

செல்கள் உன் லேப்புக்குத்தான் வருகின்றன. ஆறு மாதமாகப் பட்டறைப் பக்கம் போகவில்லை. நன்றாக வளர்த்து அனுப்பு.

உன் தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

உன் செல்கள் நன்றாகப் பெருகுகின்றன. நெருக்கமானால் ஒன்றோடொன்று ஒட்டி நாராகிவிடும், பிறகு ஊசிக்கு உதவாது. அதனால் பிரித்துப் பிரித்து வைக்கிறேன். உன்னைப் போலவே அடங்காத கூட்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். தொடைச் சதை நெஞ்சின் துடிப்புக்குக் கட்டுப்படாது. சிலருக்கு நெஞ்சு தறிகெட்டு ஓடும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடு. தோளுக்குக் கீழே ஒரு கருவி வைப்பார்கள். நெஞ்சு தடுமாறினால் அது அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைக்கும். ஆனால் அதன்பின் வெல்டிங் செய்ய விடமாட்டார்கள். மெஷினின் மின்சாரம் கருவியைக் குழப்பிவிடும். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி போட்டபின் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். பட்டறைக்கும் போய்விட்டேன். முதல் வேலை பள்ளிக்கூடத்து கேட். மெஷினைத் தொட்டதும் அழுதுவிட்டேன். முகமூடிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

போன வாரம் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்து விழுந்துவிட்டேன். அவள் பெரிதாக்கி ஏதாவது சொன்னால் நம்பாதே.

தம்பி

ஏப்ரல் 24

தம்பி,

யாரிடம் கதை விடுகிறாய்? அப்பாவும் வெல்டர்தானே. வெளிச்சம் அடித்தால் சாயங்காலம் கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரியும். நின்ற இடத்தில் ஆளைச் சாய்க்காது. போனில் கேட்டால் வைத்துவிடுகிறாய். டாக்டரிடம் நீயே சொல். இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

சொல்லாதே. மூன்று தரம் வந்தது, போய்விட்டது. நாலாவது தரமும் போய்விடும். வேலையில்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒன்பது மாதம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 11

அக்காவுக்கு,

நீ டாக்டரிடம் சொன்னாய், அவர்கள் கருவி வைத்தார்கள். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது நெஞ்சு ஓட ஆரம்பித்தது. கருவி என்னைத் தூக்கிப் போட்டது. அது இல்லாவிட்டால் தட்டு முன்னாலேயே போயிருப்பேன் என்கிறார் டாக்டர். அவள் உன் பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். நீ செய்தது சரி. எனக்கும் தெரியும்.

பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பார்க்கப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “அங்கேயே நில்லுப்பா, உள்ள வராத” என்றார் முதலாளி. தெருவில் நின்று பேசிவிட்டு வந்தேன்.

நீ அனுப்பிய இரண்டு கடிதங்களையும் பிரிக்கவில்லை. அடுத்த மாதம் வருவதாக அவளிடம் சொன்னாயாம். வராதே. வந்தால் உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். என்னால் முடியாது.