வெயில் படாத இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. உனக்கு வந்திருக்கும் மெலனோமா என்றால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் என்று ஊருக்கே தெரியும். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தொப்பிகூட இல்லாமல் குளத்தோரம் வருஷக்கணக்கில் நின்று விசில் ஊதினாய். நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேனே, கேட்டாயா? அதனால் இந்த முறை உன்னைக் கேட்காமல் உன் மேலாளருக்கே எழுதிவிட்டேன். கூரையில்லாத குளத்தில் நிறுத்தி என் அக்காவை நோயாளியாக்கிவிட்டீர்கள், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நறுக்கென்று கேட்டிருக்கிறேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன் தங்கை

மார்ச் 15

அடி அதிகப்பிரசங்கி,

நீ நறுக்கென்று கேட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. என்னை டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். "உங்க தங்கச்சி கேஸ் போட்டா நான் என்னம்மா பண்றது?" என்கிறார் மேலாளர்.

காதைத் திறந்து கேள். அந்த மெலனோமா எனக்கு வந்தது தோலில் இல்லை, குடலில். வேறெங்காவது தொடங்கிக் குடலுக்குப் பரவியதா என்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை, கண்ணுக்குள்ளேகூட டாக்டர்கள் தேடிவிட்டார்கள். சந்தேகப்படும்படி ஒரு மச்சம்கூட இல்லை. "வேற எங்கிருந்தும் பரவலம்மா, குடல்லயே ஆரம்பிச்சிருக்கு. ரொம்ப அபூர்வம். வெயில் மேல பழி போடாதீங்க" என்றார் டாக்டர். என் குடலுக்குள் எந்த வெயிலடி அடித்தது?

அறுத்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வராது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. இருக்கிற நாளில் நான் கேட்டது அந்தக் குளம் ஒன்றைத்தான். தண்ணீரைக் கண்டு அலறுகிற குழந்தை முதல் தடவை ஓரத்துக் கம்பியை விடும்போது அதன் முகத்தைப் பார்க்கணும். அதைப் பிடுங்கிவிட்டாய். இனி எனக்கு எழுதாதே.

அக்கா

மார்ச் 24

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டிக்கொள். நோயின் பெயரைக் கேட்டதும் மிச்சத்தைக் கேட்காமல் குதித்துவிட்டேன். மேலாளருக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அவங்களுக்கு மயக்கம் வந்தா யாரு பாப்பாங்க? கூட ஒரு ஆள் நின்னா மறுபடி குளத்துக்கு வரட்டும்" என்றார். லீவு போட்டுவிட்டேன், ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறேன். எனக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம், உனக்கே தெரியும். ஓரமாக நிற்கிறேன்.

தொப்பியை மட்டும் போடு. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கை

மார்ச் 29

அடியே,

கோபம் இன்னும் தீரவில்லை. மிச்சத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்.

சும்மா நிற்கிறவர்களை நான் குளத்தோரம் விடுவதில்லை. நீச்சலுடை எடுத்துக்கொண்டு வா. முதல் வகுப்பு உனக்குத்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டுவேன், தொப்பியோடுதான்.

நீ கம்பியை விடுகிற வரைக்கும் நான் எங்கேயும் போவதாக இல்லை. அதனால் மெதுவாகவே கற்றுக்கொள்.

அக்கா