சிப்பாய் மறைத்த கை

என்னங்க, நீங்களும் சின்னவளும் சுகம்தானே? அத்தையின் முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கொடுத்தனுப்பிய போர்க்காலக் காதல் கதையைச் சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் வாய்விட்டுப் படித்து முடித்தோம். அடிபட்ட தோழனை இரண்டு நாள் முதுகில் சுமந்த சிப்பாயை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு அவன் மனைவிதான் ஒரு படி மேல். அவன் செத்துவிட்டான் என்று ஊரே சொன்னபோதும், "சேதி வரட்டும், அப்புறம் அழறேன்" என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாளே. பொறுமை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

சிப்பாயிடம் ஒரே குறை. கையில் குண்டு பட்டதை மறைத்து, நண்பனைக் கொண்டு மனைவிக்குக் கடிதம் எழுதவைத்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "நல்ல சேதியை மட்டும் சொல்ல அவரென்ன விருந்தாளியா?" என்றாள்.

இந்த வரியைச் சொன்னதும் என் அறைத்தோழி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ நீ மட்டும் மறைக்கலாமா?" என்கிறாள்.

ஆமாங்க, இது அவள் கையெழுத்து. போன வாரம் இஸ்திரி மிஷினில் என் வலது கை சுட்டுவிட்டது. கொப்புளம் வற்றிவிட்டது, விரல்கள் அசைகின்றன.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தலையணைக்கு உறையாகப் போட்டுக்கொள்கிறேன். துவைக்காமல் அனுப்புங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கீழே கோணலாக இருப்பது மட்டும் நான் இடது கையால் எழுதியது.

வலிக்குதுங்க.