பெர்னாண்டோவுக்கு ஒரு கதிரை

டார்ம்ஸ்டாட்,
ஆவணி 2004

என் செல்ல மருமகள் லிசாவுக்கு,

டார்ம்ஸ்டாட் மாதா கோயில் மண்டபத்தின் ஏகச் சக்கரவர்த்தியும், ஒரு கழுதைச் சுமைக் கதவுத் திறப்புகளின் காவலனுமாகிய உன் மாமன் நலம். பிரேமனில் நீயும் அக்காவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நேற்று அக்கா ரெலிபோன் எடுத்தார். பிள்ளை லீவில வந்து நிக்குது, சோறும் தின்னுதில்லை, என்னடா விஷயம் என்று கேட்டார். மெக்கானிக்ஸ் சோதனையில் நீ இரண்டு தரம் தவறியதையும், மூன்றாம் தரமும் தவறினால் இந்த ஜெர்மனியில் எங்கேயும் அந்தப் படிப்பைத் தொடர ஏலாது என்பதையும், அந்தப் பயத்தில் புத்தகங்களை என் நிலவறையில் போட்டுவிட்டு நீ ஓடியதையும் நான் சொல்லவில்லை. பிரேமன் காற்றுக்குப் பசி எடுக்காது என்று ஒரு விஞ்ஞான உண்மையை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னேன்.

இனி அதிசயத்தைக் கேள். சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கு ஸ்பானிய மொழி பேசுகிற ஒரு கூட்டம் வருகிறது. பெரு, கொலம்பியா, மெக்சிகோ என்று உலகத்தின் மறுகரையிலிருந்து வந்து இங்கே பொறியியல் படிக்கிற பிள்ளைகளும், படித்து முடித்து வேலை பார்க்கிறவர்களும். ஆட்டம் பழகுகிறார்களாக்கும் என்று நானும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே எறும்பு நடந்தால் இடி முழக்கமாகக் கேட்டிருக்கும்! ரைன் நதிப் பாலங்களைச் சோதிக்கிற பிலார் என்ற பெரிய எஞ்சினியர் அம்மா தரையில் சப்பணம் கட்டியிருந்து, ஒரு பெரு நாட்டுப் பெட்டைக்கு விசைகளைத் தாளில் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டைக்கும் மூன்றாம் தரம். சோதனையன்று முழுக் கூட்டமும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சோதனை அறைக்கு வெளியே நடையில் வந்து நின்றது. புதினம் பார்க்கப் போன நானும் நின்றேன். அவள் சித்தியடைந்து வெளியே வந்தபோது எழுந்த சத்தத்தில் ஆல்ப்ஸ் மலை ஒரு முழம் பின்வாங்கியது. ஆனால் பிள்ளை, அதற்கு முன் அவர்கள் காத்து நின்றதுதான் எனக்கு அதிசயம். ஒருத்தியின் சோதனைக்கு இத்தனை பேர் நகம் கடித்ததை நான் எங்கேயும் கண்டதில்லை.

உடனே ஒரு குழப்படி செய்தேன். அந்தக் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லிப் பிலாரிடம் உன் பெயரைக் கொடுத்தேன். லிசா பெர்னாண்டோ என்றதும் பிலார் உன்னைத் தங்கள் ஆள் என்றே நினைத்து, ஸ்பானியத்தில் மழையாய்ப் பொழிந்தார். எனக்குத் தெரிந்த ஒரே சொல் ‘ஸீ’, அதாவது ஓம். எல்லாவற்றுக்கும் ‘ஸீ’ என்றேன். உன்னை எந்த நாட்டு இளவரசியாக்கினேனோ, மாதாவுக்கே வெளிச்சம்.

ஒரு கிழமைதான் தாங்கினேன். பிறகு என் நொண்டி ஜெர்மன் மொழியில் உண்மையைச் சொன்னேன். போர்த்துக்கேயர் மன்னாருக்கு வந்த காலத்தில் ஞானஸ்நானத் தண்ணீரோடு எங்கள் சனத்துக்குக் கிடைத்த பெயர் அது, பிள்ளைக்கு உங்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது என்று. துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்றாம் தரமோ? ஓம் என்றேன். அப்ப எங்கட பிள்ளைதான், கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். தனக்கும் மூன்றாம் தரத்தில்தான் சித்தி கிடைத்ததாம். அன்று நடையில் தனக்கென்று ஒருவரும் நிற்கவில்லையாம்.

கூட்டம் கலைந்ததும் கதிரைகளை மடிப்பது என் அரச கடமை. பிலாருக்குப் பக்கத்துக் கதிரையை மட்டும் மடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது தனியே விரிந்து நிற்கிறது. நான் அதைச் சுற்றிக் கூட்டுகிறேன்.

சித்தியடைந்துதான் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பிள்ளை. அந்த நடையில் உனக்காக நானும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ரயிலில் வா. புத்தகங்களை மேலே கொண்டுவந்து தூசி தட்டி வைத்திருக்கிறேன். உன் பயத்தையெல்லாம் மாதா எடுத்து என்னிடம் தரட்டும். இந்தத் தொந்தி வண்டியில் இடம் நிறைய இருக்கிறது.

கதிரைக்குக் காவல் நிற்கும்
உன் மாமன்,
மரியரட்ணம்